மல்லிக் பஜாரும் இரண்டரை நூல் போல்ட்டும்

கல்கத்தாவில் பார்க் வீதி கிழக்கு நோக்கிச் சென்று ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையைத் தொடும் முனைக்கு மல்லிக் பஜார் என்று பெயர். அதனை அடுத்து இரண்டு பழைய கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. ஒன்று 1767-இல் திறக்கப்பெற்றது. கீழ்த்திசை மொழிகளை ஆராய்ந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ் அங்கே துயில்கிறார். மற்றொன்றில் வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தர் அடங்கியுள்ளார். அவர் 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்தவர் என்பதை நம்மவர் அறிந்திருப்பர். இவ்விரண்டுக்கும் அருகே மூன்றாவதாக மோட்டார் வண்டிகளுக்கும் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அதுவே மல்லிக் பஜாரின் பழைய உதிரிப்பாகக் கடைவீதி. ஆனால் ஒரு வேற்றுமை: இங்கே கிடத்தப்பெற்றவை மறுபடியும் எழுந்து ஓடும்.

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு மல்லிக் பஜார் அவ்வளவாகப் பழக்கமான இடம் அன்று. பேருந்திலிருந்து பார்த்தவர்கள் எண்ணெய்க் கறையும் இரும்புக் குவியலுமே கண்டிருப்பர். நாமும் நெடுநாள் அப்படியே கண்டு கடந்தோம். சென்ற குளிர்காலத்தில் சங்க அன்பர் ஒருவருடன் மூன்று நாட்கள் அங்கே அலையும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு போல்ட்டுக்காக மூன்று நாட்களா என்று நகைப்பவர் நகைக்கட்டும். அந்த மூன்று நாட்களில் நாம் கற்றது சிறிதன்று.

அன்பரிடம் ஓர் அம்பாஸடர் வண்டி இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு உத்தரபாராத் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற இரண்டாம் மார்க். அவருடைய தந்தையார் கல்கத்தாவுக்கு உத்தியோகம் நாடி வந்து, பல்லாண்டு சிக்கனம் செய்து வாங்கியது. தந்தையார் மறைந்தபின் இருபது ஆண்டுகள் அது கொட்டகையில் நின்றுவிட்டது. அதனைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே புதுப்பிக்க வேண்டும் என்பது அன்பரின் விருப்பம். உடல் தகட்டை நேராக்க ஆள் உண்டு. வர்ணம் பூச ஆள் உண்டு. இயந்திரத்தைக் கடைந்து சீராக்கவும் ஆள் உண்டு. ஆனால் அவிழ்த்த போல்ட்டுகளும் நட்டுகளும் வாஷர்களும் நான்கு டின்களில் நிறைந்து நின்றபோது, அவற்றுள் எது வண்டியோடு பிறந்தது, எது பின்னர் வந்து சேர்ந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அதனைத் தேடியே புறப்பட்டோம்.

நூலும் சூத்தும்

முதற்கடையில் அன்பர் ஒரு போல்ட்டை எடுத்து நீட்டினார். கடைக்காரர் முதியவர், தாடி நரைத்தவர். கண்ணாடி அணியாமலே, அளவுகோல் வைக்காமலே, விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, “டாயி சூத்” என்றார். நமக்கு உவகை பொங்கிற்று. ‘சூத்’ என்றால் நூல். நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒரு பங்கை ‘நூல்’ என்பர் அன்றோ? வடக்கே உள்ள தொழிலாளியும் அதே அளவினை அதே சொல்லால் குறிக்கிறான். டாயி சூத் என்பது இரண்டரை நூல். அதாவது அங்குலத்தில் பதினாறில் ஐந்து பாகம். ஆங்கிலேயர் கொண்டுவந்த அங்குலத்தை நூலாகப் பிரித்து வைத்துக்கொண்டவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள். நாட்டில் 1957-இல் நயா பைசா வந்தது. அதனைத் தொடர்ந்து மீட்டரும் கிலோகிராமும் வந்தன. பட்டறையில் மட்டும் நூல் இன்னும் அறுந்துவிடவில்லை.

ஆயின் தடிப்பு ஒன்றாயிருப்பதால் மட்டும் போல்ட்டு ஒன்றாகிவிடாது. மரை என்று ஒன்று உண்டு. போல்ட்டின் மேல் சுற்றிச் செல்லும் அந்தச் சுருட்பள்ளத்தின் நெருக்கமும் சாய்வும் அதன் குலத்தைக் காட்டும். பெரியவர் கடையில் இருந்த மூன்று இரண்டரை நூல் போல்ட்டுகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். மூன்றும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் முதலாவதற்கு அங்குலத்துக்குப் பதினெட்டு மரை; இரண்டாவதற்கு இருபத்திரண்டு; மூன்றாவதற்கு இருபத்து நான்கு.

இவற்றின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன போக்கில் மரை வெட்டிவந்த காலத்தில், 1841-இல் ஜோஸப் விட்வர்த் என்பார் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவைத் தந்தார். மரையின் கோணம் 55 பாகை. இரண்டரை நூலுக்கு அங்குலத்துக்குப் பதினெட்டு மரை. இது ரயில் பாலத்துக்கும் நீராவி இயந்திரத்துக்கும் போதுமானது. அதிர்ந்துகொண்டே ஓடும் மோட்டார் வண்டியில் தளர்ந்துவிடும் இயல்புடையது. ஆதலின் அதே கோணத்தில் நெருக்கமாக வெட்டிய மெல்லிய மரை பின்னர் வந்தது. அதுதான் இருபத்திரண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போல்ட்டு ஆங்கில நட்டில் ஏறாமல் பெரும் தொல்லை நேர்ந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் கூடி 60 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரைக்கு ஒப்பமிட்டன. அதன் மெல்லிய வகையே இருபத்து நான்கு.

இருபத்திரண்டு மரைப் போல்ட்டில் இருபத்து நான்கு மரை நட்டைப் பொருத்தினால் இரண்டு சுற்று இனிதே ஏறும். பிறகு இறுகும். ‘துருப்பிடித்திருக்கிறது’ என்று எண்ணி நீண்ட ஸ்பானரால் வலிந்து முறுக்குபவன் இரண்டின் மரையையும் அழித்துவிடுவான். வண்டியின் வரலாறு தெரியாமை இவ்வாறுதான் முதலில் கைக்கு வந்து சேர்கிறது.

அம்பாஸடர் வண்டி ஆங்கில மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையைப் பின்பற்றியது. 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் மேல்வால்வு இயந்திரம் பொதுமரைக் காலத்துக் குழந்தை. ஆகவே அன்பரின் இயந்திரத்துக்கு உரியது இருபத்து நான்கே. ஆனால் மின்கருவிகளைத் திறந்தால் அங்கே வேறொரு குலம். லூக்காஸ் கருவிகளின் சின்னஞ்சிறு திருகாணிகளுக்கு ‘பி.ஏ.’ என்னும் தனி மரை. அதன் கோணம் நாற்பத்தேழரை பாகை. ஆங்கிலேயர் வகுத்ததே எனினும் அதன் அடிப்படை மில்லிமீட்டர்: சுழியம் எண்ணுடைய திருகாணி ஆறு மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு மில்லிமீட்டர் மரையிடைவெளி. எண் ஏற ஏறத் திருகாணி சிறுக்கும். ஒரே வண்டியில் இத்தனை குலங்களும் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றன.

மாறுவேடம் பூண்ட போல்ட்டு

இரண்டாம் நாள் பெரியவர் தாமே அழைத்து ஒரு தகர டப்பாவைத் திறந்தார். அதில் கிடந்த போல்ட்டுகளின் தலை பழைய ஆங்கில ஸ்பானருக்குப் பொருந்திற்று. உடலும் ஏறத்தாழ இரண்டரை நூலே. ஆனால் பொதுமரை நட்டு அதில் ஏற மறுத்தது. பழைய மெல்லிய மரை நட்டும் மறுத்தது. அன்பர் வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தார். சரியாக எட்டு மில்லிமீட்டர். மரையிடைவெளி ஒரு மில்லிமீட்டர். பெரியவர் சிரித்தார். அவை இந்துஸ்தான் பத்து வண்டியின் இயந்திரப் போல்ட்டுகள்.

இதன் காரணம் சுவையானது. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றை நிறுவிற்று. போர் முடிந்ததும் வேலை இன்றி நின்ற அத்தொழிற்சாலை மாரிஸ் வண்டிகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கலாயிற்று. 1923-இல் மாரிஸ் அதனை வாங்கிவிட்டார். ஆனால் அங்கிருந்த எந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. அத்தனையையும் மாற்றினால் பெருஞ்செலவு. ஆகவே மரை மில்லிமீட்டரிலேயே இருக்கட்டும், வண்டி வாங்கும் ஆங்கிலேயனின் ஸ்பானர் பொருந்தும்படி தலையை மட்டும் விட்வர்த் அளவில் செய்வோம் என்று முடிவு செய்தனர். அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. மாரிஸ் டென் வண்டியே நம் நாட்டில் இந்துஸ்தான் பத்து என்னும் பெயர் பூண்டது. அதனுடன் இந்த மாறுவேடப் போல்ட்டும் ஹூக்ளிக் கரைக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஆபத்தும் உண்டு. இரண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டுக்கும் அதற்கும் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு இல்லை. மரையிடைவெளியும் மிக நெருங்கியது. அறியாத கைகள் ஒன்றில் மற்றொன்றைப் புகுத்திவிடும். இன்று சாலையோரக் கடையில் கிடைக்கும் எட்டு மில்லிமீட்டர்ப் போல்ட்டும் உதவாது; அதன் மரையிடைவெளி ஒன்றே கால் மில்லிமீட்டர். ‘எட்டு மில்லி போல்ட்டு கொடு’ என்று கேட்டு வாங்கி வந்து, பழைய வார்ப்பிரும்பில் வலிந்து ஏற்றிப் பாழாக்கப்பெற்ற இயந்திரங்கள் பலவென்று பெரியவர் வருந்திச் சொன்னார்.

தலையெழுத்து

மனிதனுக்குத் தலையெழுத்து உண்டென்பர். போல்ட்டுக்கு மெய்யாகவே உண்டு. ஆங்கிலப் பொதுமரைப் போல்ட்டின் தலையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சிறு வட்டங்களைக் காணலாம். சிலவற்றில் தலை நடுவே வட்டமான பள்ளம் இருக்கும். உடன் ஓர் எழுத்து வலிமையைக் குறிக்கும். ‘எஸ்’ என்றால் சதுர அங்குலத்துக்கு 50 ஆங்கில டன் இழுவையைத் தாங்கும். ‘டி’ என்றால் 55. இவற்றோடு செய்தவரின் பெயரும் பொறித்திருக்கும். ஹௌராவில் போல்ட்டு செய்த கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் கம்பெனியின் ‘ஜி.கே.டபிள்யூ.’ என்னும் எழுத்துக்களை மல்லிக் பஜாரில் எங்கும் காணலாம்.

அன்பரின் டின்களைக் கொட்டித் தலையெழுத்துப் படித்தபோது, டைனமோவைத் தாங்கும் போல்ட்டு ஒன்றின் தலையில் ‘டி.வி.எஸ்.’ என்று கண்டோம். சென்னைக்கு அருகே பாடியில் உள்ள சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொழிற்சாலையின் முத்திரை அது. கல்கத்தாவில் எண்ணெய்க் கறைக்கு நடுவே நம் ஊர்ப் பெயரைக் கண்டதும் உறவினரைக் கண்டது போன்ற மகிழ்ச்சி. ஆனால் பெரியவர் தலையை அசைத்தார். அத்தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது 1966-இல். வண்டியோ 1964. ஆகவே இப்போல்ட்டு வண்டியோடு பிறந்ததாக இருக்க இயலாது. பிறகு வந்து குடியேறியது. எழுதப் படிக்கத் தெரியாத இரும்புத் துண்டு ஒன்று இவ்வளவு திட்டமாகச் சாட்சி சொல்லும் என்று நாம் எண்ணியதில்லை.

அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அவர் பள்ளியில் படித்த காலத்தில் குடும்பம் முழுவதும் இந்த வண்டியிலேயே சென்னைக்குச் சென்று மீண்டதாம். திரும்புகையில் டைனமோ ஆடத் தொடங்க, தந்தையார் சென்னையில் ஒரு பட்டறையில் நிறுத்திப் போல்ட்டு மாற்றினாராம். பின் இருக்கையில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தாம் காத்திருந்தது நினைவிருக்கிறது என்றார்.

ஹிந்த் மோட்டார் நிலையம்

மூன்றாம் நாள் ஹௌராவில் புறநகர் ரயில் ஏறினோம். லிலுவா, பேலூர், பாலி, உத்தரபாரா என்று நிலையங்கள் கடந்தன. உத்தரபாரா தமிழருக்கு அயலான பெயர் அன்று. அரவிந்தர் சிறையினின்றும் விடுதலை பெற்றபின் 1909 மே 30-ஆம் நாள் தம் புகழ்பெற்ற சொற்பொழிவை ஆற்றியது அங்கேதான். அடுத்த ஆண்டு அவர் புதுச்சேரி சேர்ந்தார். அதற்கு அடுத்த நிலையத்தின் பெயரே ஹிந்த் மோட்டார். தொழிற்சாலை ஒன்று ரயில் நிலையத்துக்குத் தன் பெயரைத் தந்துவிட்டு, தான் அடங்கிவிட்டது.

பி. எம். பிர்லா 1942-இல் குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1948-இல் இவ்விடத்துக்கு வந்தது. இந்துஸ்தான் பத்தும், லாண்ட்மாஸ்டரும், அம்பாஸடரும் இங்கே பிறந்தன. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாஸடர் என்னும் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பெற்றது. நீண்ட மதிற்சுவரின் ஓரமாக நடந்தோம். உள்ளே செடி மண்டிக் கிடந்தது.

நிலையத்தருகே தேநீர்க் கடையில் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவரைச் சந்தித்தோம். வண்டி கூட்டும் வரிசையில் வேலை பார்த்தவர். அன்பர் தம் ஐயத்தை வைத்தார்: இடப்புறம் ஒரு கம்பெனியின் போல்ட்டு, வலப்புறம் மற்றொன்று, எது சரி? அவர் புன்னகைத்து, இரண்டும் சரி என்றார். தொழிற்சாலை ஒரே கம்பெனியிடம் வாங்குவதில்லை. பெட்டியில் அன்று எது வந்ததோ அதனை எடுத்து முடுக்குவோம். அளவும் வலிமையும் ஒன்றாயிருத்தல் வேண்டும், அவ்வளவே என்றார். இங்கிலாந்து நூல்களைப் படித்துவிட்டு ஒவ்வொரு தலையிலும் ஒரே பெயரைத் தேடுபவர்கள், தொழிற்சாலை ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்கிறார்கள் என்பது அவர் கருத்து. இதனை எந்தப் பாகப் பட்டியலிலும் நாம் கண்டதில்லை. அதற்குச் சான்று அவர் கைகளே.

பாகப் பட்டியலும் தன் அளவில் பயனுடையதே. ஆங்கில பி.எம்.சி. பட்டியலில் ‘எச்.இசட்.எஸ். 0505’ என்று எண் இருந்தால், முதல் 05 தடிப்பைப் பதினாறில் பங்காகவும், அடுத்த 05 நீளத்தை நூலாகவும் சொல்லும். அதாவது இரண்டரை நூல் தடிப்பு, ஐந்து நூல் நீளம். இம்முறை தெரிந்தவருக்கு எண்ணே போல்ட்டின் படம்.

முலாமும் உயிரும்

சரியான போல்ட்டு கிடைத்தபின் முலாம் பற்றிய கேள்வி எழும். அக்காலத்துப் போல்ட்டுகள் பலவற்றுக்குக் காட்மியம் முலாம். மங்கிய வெள்ளி நிறம். காட்மியம் நஞ்சு. அதனை உப்புத்தாளால் தேய்த்து அப்பொடியைச் சுவாசித்தல் கூடாது. இன்று புதுப்பிப்பவர்கள் துத்தநாக முலாமே இட்டு, மினுமினுப்பைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு, இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. மிக்க வலிமையுடைய எஃகுப் போல்ட்டை அமிலத்தில் தோய்த்து முலாமிடும்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகும். முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 200 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் நெடுநேரம் வைத்து அதனை வெளியேற்றவேண்டும். இல்லையேல் போல்ட்டு பளபளவென்று அழகாக இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் முறியும். சந்துமுனை முலாம் கடையில் இவ்வசதியை எதிர்பார்க்க இயலாது. ஆதலின் ஸ்டியரிங், பிரேக்கு, சக்கரம் தாங்கும் உறுப்புக்கள் ஆகியவற்றின் போல்ட்டுகளைப் பழமை கருதி மறுபடி முலாமிடலாகாது. சரியான மரையும் வலிமைக் குறியும் உடைய புதியவற்றையே இடவேண்டும். போட்டியில் பரிசு பெறுவதினும் ஏறிச் செல்லும் பேரக் குழந்தைகள் பெரிது.

அன்பர் அவ்வாறே செய்தார். ஆபத்தான இடங்களில் புதியவை. கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மல்லிக் பஜாரில் பொறுக்கிய அக்காலத்துப் போல்ட்டுகள். டைனமோப் போல்ட்டுக்கும் 1964-க்குப் பொருந்திய ஒன்றைப் பெரியவர் தேடித் தந்தார். அன்பர் அதனை நன்றியுடன் பெற்று, காகிதத்தில் சுற்றி, பெயரெழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வண்டியில் முடுக்கியது பாடிப் போல்ட்டைத்தான். பழங்கார் அணிவகுப்பில் நடுவர் கண்டால் மதிப்பெண் குறையும் என்று நினைவூட்டினோம். குறையட்டும் என்றார். எது தொழிற்சாலைக்கு உரியது என்று இப்போது தெரியும். தெரிந்தே அப்பா வைத்ததை வைத்திருக்கிறேன் என்றார். நமக்கு மறுமொழி இல்லை.

சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மவர் பலர் வீடுகளில் பழைய வண்டி இல்லாவிடினும், தந்தையாரோ மாமாவோ விட்டுச் சென்ற போல்ட்டு டின் ஒன்று பரணில் கிடக்கும். பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை கொட்டித் தலையெழுத்தைப் பாருங்கள். பழைய வண்டியைப் பிரிப்பவர்கள் எந்தப் போல்ட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் படமெடுத்து, தனித்தனிப் பையில் இட்டுக் குறித்து வையுங்கள். தொழிற்சாலை மூடப்பெற்றுவிட்டது, வரிசையில் நின்று முடுக்கியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. மல்லிக் பஜார் பெரியவரின் பிள்ளைகளோ கடையைப் புதிய வண்டிகளின் பாகங்களுக்கு மாற்ற விரும்புகின்றனராம். விரலால் உருட்டி இரண்டரை நூல் என்று சொல்லும் கை இன்னும் அங்கே இருக்கிறது. கேட்கவேண்டியவற்றை இப்போதே சென்று கேட்டு எழுதி வைப்பது நலம்.